640 கே.பி. ஒண்டுக்குடித்தனம்: எஸ்.பி. ரோட்டுப் பட்டறை ஒன்றைப் பற்றி

பெங்களூரு சாதர் பத்ரப்பா சாலையில், அதாவது எல்லோரும் எஸ்.பி. ரோடு என்றே அழைக்கும் கணினிச் சந்தையில், ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இயங்கும் பட்டறையில் என் தந்தையாரின் 1996ஆம் ஆண்டுக் கணினியைச் சீரமைக்கக் கொடுத்துத் திரும்பப் பெற்று இரண்டு மாதங்கள் ஆகின்றன. பட்டறைக்காரர் தம் பெயரையோ கடையின் பெயரையோ எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மடிக்கணினிக்குத் திரை மாற்றுவதும் விசைப்பலகை மாற்றுவதும்தான் அவருக்குச் சோறு போடும் தொழில். டாஸ் இயக்குதளத்தில் ஓடும் பழைய இயந்திரங்களை மாலை ஆறு மணிக்கு மேல்தான் தொடுகிறார். கூட்டம் வந்தால் சமாளிக்க முடியாது என்று அவர் சொன்னதை மதித்து, இடத்துக்கு இவ்வளவு அடையாளம் போதும் என்று விடுகிறேன்.

எங்கள் தேவை கொஞ்சம் விசித்திரமானது. அப்பா அல்சூரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அச்சகம் நடத்தியவர். திருமண அழைப்பிதழ்களையும் கோயில் திருவிழா நோட்டீசுகளையும் தமிழில் அடிக்க, டாஸில் நினைவகத்திலேயே தங்கிவிடும் ஒரு தமிழ் எழுத்து நிரலைப் பயன்படுத்தினார். அந்தக் கோப்புகளை அவர் இன்றும் திறந்து பார்க்க விரும்புகிறார். நானும் என் தம்பியும் அதே கணினியில்தான் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவும் டேஞ்சரஸ் டேவும் டூமும் விளையாடி வளர்ந்தோம். இப்போது அவற்றை எங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். அப்பாவின் நிரல்கள் ஒன்றும் நீக்கப்படக்கூடாது, விளையாட்டுகளும் ஓட வேண்டும், இரண்டுக்கும் ஒரே பெட்டி என்பதுதான் நிபந்தனை. இதைக் கேட்ட மற்ற இரண்டு கடைகளில் ஒன்று விண்டோஸ் போட்டுத் தருவதாகச் சொன்னது. இன்னொன்று பெட்டியை எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னது.

இந்த வேலை ஏன் கடினம் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பட்டறைக்காரரின் திறமையை மதிப்பிட முடியும். முதல் ஐ.பி.எம். கணினியின் 8088 செயலிக்கு எட்டிய முகவரிப் பரப்பு மொத்தமே 1 எம்.பி. அதில் கீழ்ப்பகுதியான 640 கே.பி. நிரல்களுக்கு, மேலே உள்ள 384 கே.பி. திரைக்கும், கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸுக்கும் என்று 1981இல் போட்ட பாகப்பிரிவினை, பின்னால் பல எம்.பி. நினைவகம் கொண்ட கணினிகள் வந்த பிறகும் டாஸை விட்டுப் போகவில்லை. எங்கள் பெட்டியில் 16 எம்.பி. இருந்தாலும் டாஸ் நிரல் ஒன்று இயல்பாகக் குடியேறுவது அந்த 640 கே.பி. வீட்டில்தான். சுட்டிக்கான நிரல், குறுந்தகட்டுக்கான நிரல், வட்டின் வேகத்தைக் கூட்டும் ஸ்மார்ட்டிரைவ், அச்சு வரிசையைப் பின்னணியில் அனுப்பும் பிரிண்ட், அப்பாவின் தமிழ் நிரல் என்று ஒவ்வொன்றும் வந்து ஓர் அறையைப் பிடித்துக்கொண்டு வெளியேற மறுக்கும். இவற்றைத்தான் டி.எஸ்.ஆர். என்பார்கள்: வேலை முடிந்தது போலக் கட்டளைக் குறிக்குத் திரும்பிவிடும், ஆனால் இடத்தைக் காலி செய்யாது. ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கடைசியாக வரும் விளையாட்டு பெரிய குடும்பம், 550 கே.பி.யோ 580 கே.பி.யோ வெற்றிடம் கேட்கும். இல்லை என்றால் வாசலிலேயே நின்றுவிடும்.

பெட்டியைக் கொண்டுபோன அன்று அவர் திருப்புளியை எடுக்கவில்லை. ஒரு காகிதத்தை எடுத்தார். "எந்த டி.எஸ்.ஆர். எல்லாம் கட்டாயம் இருக்கணும், எந்த கேம் எல்லாம் ஓடணும், ரெண்டு லிஸ்ட் கொடுங்க சார். கேம் ஓடும்போதே உள்ளே இருக்க வேண்டியது எது, கேமுக்கு முன்னாடி எழுந்து போகலாம்னு இருக்கிறது எது, அதையும் சொல்லுங்க" என்றார். தங்கவயல் தமிழ். அங்கே சுரங்கம் 2001இல் மூடப்பட்ட பிறகு குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்தவர். மூன்றாவது கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை; ஆனால் அந்த மூன்றாவது கேள்விதான் இந்த வேலையின் உயிர்நாடி என்பது பின்னர் விளங்கியது. சுட்டி நிரல் விளையாட்டுக்குள்ளும் வேண்டும். குறுந்தகட்டு நிரல் சில விளையாட்டுகளுக்கு வேண்டும். தமிழ் நிரலும் அச்சு வரிசையும் விளையாட்டு நடக்கும்போது உள்ளே இருந்து யாருக்கும் பயனில்லை.

வழக்கமான முதலுதவி எல்லோருக்கும் தெரிந்ததே. 1991இல் வந்த எம்.எஸ்.-டாஸ் 5.0 முதல், ஹைமெம்.சிஸ் என்ற நிரல் வழியாக டாஸின் பெரும்பகுதியை 1 எம்.பி. எல்லைக்குச் சற்று மேலே உள்ள ஏறக்குறைய 64 கே.பி. பகுதிக்கு அனுப்பலாம், ஈஎம்எம்386 என்ற நினைவக மேலாளர் வழியாக, 640 கே.பி.க்கு மேலே திரைக்கும் பயாஸுக்கும் இடையில் சும்மா கிடக்கும் சந்துகளில் டி.எஸ்.ஆர்.களைக் குடியமர்த்தலாம். 1993இல் வந்த 6.0 பதிப்பில் இதைத் தானாகவே செய்யும் மெம்மேக்கர் இருந்தது. அதை ஓட்டிவிட்டுப் பணம் வாங்கிக்கொள்வது எளிது. இவர் அதை ஓட்டவே இல்லை. மெம்மேக்கர் எல்லா விளையாட்டுகளுக்கும் ஒரே ஏற்பாட்டைத் தரும், ஆனால் விளையாட்டுகளின் கோரிக்கைகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை என்பது அவர் வாதம். எங்கள் பட்டியலிலேயே அதற்குச் சான்று இருந்தது.

1990இல் வந்த விங் கமாண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.எம்.எஸ். எனப்படும் விரிவு நினைவகம் இருந்தால்தான் விமானியின் கை கட்டுப்பாட்டுத் தண்டோடு அசைவது போன்ற கூடுதல் காட்சிகளை அது காட்டும். அந்த நினைவகத்தைத் தருவது ஈஎம்எம்386. அதற்காக மேல்சந்துகளில் 64 கே.பி. அளவுள்ள ஒரு சட்டகத்தை அது எடுத்துக்கொள்ளும், அவ்வளவு இடம் டி.எஸ்.ஆர்.களுக்குக் குறையும். அதே நிறுவனம் 1992இல் வெளியிட்ட அல்டிமா 7 ஈஎம்எம்386 இருக்கிறது என்று தெரிந்தாலே ஓட மறுக்கும். காரணம், ஈஎம்எம்386 செயலியை மெய்நிகர் 8086 முறையில் வைத்துக்கொண்டு தானே மேற்பார்வையாளராக அமர்கிறது. அல்டிமாவோ தன் சொந்த நினைவக மேலாளரோடு வருகிறது, அது செயலியின் முழு அதிகாரத்தையும் தானே கேட்கிறது. ஒரே வீட்டுக்கு இரண்டு மாமியார்கள். இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், ஈஎம்எம்386ஐ நீக்கினால் மேல்சந்துகளும் போய்விடும், அங்கே குடியமர்த்திய டி.எஸ்.ஆர்.கள் எல்லாம் கீழே 640 கே.பி.க்குள் இறங்கிவிடும், அல்டிமாவுக்கு இடம் போதாது.

இதற்கு அவர் கண்ட தீர்வைத்தான் நான் மிகவும் மெச்சுகிறேன். ஜெர்மனியைச் சேர்ந்த உவே சீபர் எழுதிய யூ.எம்.பி.பி.சி.ஐ. என்ற சிறு நிரல், பென்டியம் காலத்துத் தாய்ப்பலகைகளின் சில்லுத் தொகுப்பு பயாஸை நிழலாக வைத்துக்கொள்ளும் நினைவகத்தை நேரடியாகத் திறந்துவிட்டு, மெய்நிகர் முறைக்குப் போகாமலேயே மேல்சந்துகளை உருவாக்கித் தருகிறது. எங்கள் பலகையில் இன்டெல் 430விஎக்ஸ் தொகுப்பு இருந்ததால் அது ஓடியது. மேற்பார்வையாளர் யாரும் இல்லாமலேயே சுட்டி நிரலும் குறுந்தகட்டு நிரலும் மேலே போய்விட்டன. அல்டிமா 7 எந்த முணுமுணுப்பும் இல்லாமல் தொடங்கியது. மெம் கட்டளை அன்று காட்டிய வெற்றிடம் 613 கே.பி. நான் கொடுத்தபோது அதே பெட்டியில் 461 கே.பி. தான் இருந்தது.

டி.எஸ்.ஆர்.களையே மாற்றியதும் அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு. மைக்ரோசாஃப்ட் சுட்டி நிரலை எடுத்துவிட்டு, ஏறக்குறைய 3 கே.பி. மட்டுமே பிடிக்கும் கியூட்மவுஸை வைத்தார். குறுந்தகட்டுக்கான எம்.எஸ்.சி.டெக்ஸுக்குப் பதிலாக அதைவிட மிகச் சிறியதான ஷ்சுசிடிஎக்ஸ். இவை இரண்டும் இலவசம். டாஸுக்கு இலவச மாற்றான ஃப்ரீடாஸ் தொகுப்பில் இன்றும் கிடைக்கின்றன. பெரிய பெரிய மந்திரங்களைத் தேடுவதற்கு முன் குடியிருப்பவரின் உடம்பைக் குறைக்கலாமே என்ற இந்த எளிய யோசனையைப் பலர் தவறவிடுகிறார்கள். ஏற்றும் வரிசையையும் கவனித்திருக்கிறார். ஒரு டி.எஸ்.ஆர். உள்ளே நுழையும்போது தங்கியிருப்பதைவிட அதிக இடம் கேட்கும். ஆகவே பெரியதை முதலில் மேலே அனுப்பிவிட்டுச் சிறியவற்றை மிச்சச் சந்துகளில் செருகினால்தான் எல்லாம் அடங்கும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது இந்த வரிசையைக் குருட்டாம்போக்கில் மாற்றி மாற்றி எத்தனை முறை கணினியை மறுதொடக்கம் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

தொடங்கும்போது இப்போது ஒரு பட்டியல் வருகிறது, டாஸ் 6.0 முதல், தொடக்க அமைப்புகளைச் சொல்லும் கான்ஃபிக்.சிஸ் கோப்பிலேயே இப்படிப் பட்டியல் போட வழி உண்டு. "அச்சகம்", "ஈ.எம்.எஸ். விளையாட்டு", "அல்டிமா", "மற்றவை" என்று நான்கு வரிகள். தமிழ் நிரல் ஏறுவதற்கு முன்பே இந்தப் பட்டியல் வருவதால் அவற்றை ரோமன் எழுத்தில்தான் போட்டிருக்கிறார். எதையும் தேர்ந்தெடுக்காமல் பத்து விநாடி விட்டால் அச்சகத்துக்குப் போகும். அப்பாவுக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை.

அச்சக ஏற்பாட்டில் இருந்தபடியே சிறு விளையாட்டு ஒன்றை ஆட வேண்டுமென்றால் மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை என்பது இந்த வேலையின் இன்னொரு நல்ல பகுதி. டி.எஸ்.ஆர். ஒன்றை வெளியேற்றுவது எளிதல்ல. விசைப்பலகையோ கடிகாரமோ திரையோ கூப்பிடும்போது (இதைக் குறுக்கீடு என்பார்கள்) எந்த நிரல் பதில் சொல்ல வேண்டும் என்று குறிக்கும் முகவரிகளை, நினைவகத்தின் தொடக்கத்தில் உள்ள 256 வரிகள் கொண்ட அட்டவணையில் தன் பக்கம் திருப்பிக்கொண்டுதான் ஒவ்வொன்றும் அமர்கிறது. அடுத்து வருவது முந்தியதைத் தள்ளி அதே இடத்தில் தன் முகவரியை எழுதி, பழையதைத் தனக்குள் குறித்துக்கொள்ளும். இந்தச் சங்கிலியில் நடுவில் இருப்பதை உருவினால் முழுச் சங்கிலியும் அறுந்து கணினி நின்றுவிடும். டர்போபவர் நிறுவனத்தைச் சேர்ந்த கிம் கொக்கோனென் எழுதிய மார்க், ரிலீஸ் என்னும் இரட்டை நிரல்கள் இதற்கென்றே இருக்கின்றன. தமிழ் நிரல் ஏறுவதற்கு முன் மார்க் அந்த அட்டவணையின் படியை எடுத்து வைத்துக்கொள்கிறது. விளையாட்டைத் தொடங்கும் தொகுதிக் கோப்பு, அதாவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு, முதலில் ரிலீஸை அழைத்து, அட்டவணையைப் பழைய நிலைக்குத் திருப்பி, அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரையும் ஒரே நேரத்தில் காலி செய்துவிடுகிறது. விளையாட்டு முடிந்ததும் அதே கோப்பு தமிழ் நிரலை மீண்டும் ஏற்றுகிறது. அப்பா எழுந்து தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் பேரன் டேஞ்சரஸ் டேவில் இரண்டு கட்டங்களை முடித்துவிட்டு எழுந்து போகலாம். அப்பாவுக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது.

தமிழ் நிரலை இறக்காமலே விளையாடினால் என்ன என்று நான் கேட்டேன். இடம் மட்டுமே பிரச்சினையில்லை என்று விளக்கினார். அந்த நிரல் திரைக்கான குறுக்கீட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. விளையாட்டுகளோ பயாஸிடம் சொல்லாமல் திரை அட்டையின் பதிவேடுகளிலேயே நேரடியாக எழுதுகின்றன. யார் எப்போது திரையின் முறையை மாற்றினார்கள் என்பது தமிழ் நிரலுக்குத் தெரியாது. திரும்பி வரும்போது எழுத்துகளுக்குப் பதிலாகக் கோலம் தெரியும். விசைப்பலகைக்கும் இதே கதைதான். நாங்கள் கொடுத்த முதல் பட்டியலில், குறிப்பிட்ட விசை ஒன்றை அழுத்தினால் எழும்பி வரும் கணக்குப்பொறி ஒன்றும் இருந்தது; 1984இல் போர்லாண்டு வெளியிட்ட சைட்கிக்கைப் பார்த்துப் பலர் எழுதிய வகை. டூமுக்குள் அது எழும்பவில்லை என்று நான் புகார் சொன்னபோது, எழும்பவே எழும்பாது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். விசைப்பலகைக் குறுக்கீட்டை விளையாட்டு முழுவதுமாகத் தன் கையில் எடுத்துக்கொண்டு, பழையவருக்கு எதையும் கடத்துவதில்லை. கடிகாரமும் அப்படியே: விநாடிக்கு 18.2 முறை தட்டும் கடிகாரத்தைப் பல விளையாட்டுகள் இசைக்காகப் பல மடங்கு வேகமாக்கிவிடும். அதை நம்பி நேரம் கணக்கிடும் டி.எஸ்.ஆர். தடுமாறும். சிலர் இதையெல்லாம் செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு பின்னர் கைவிரிப்பார்கள். முடியாது என்பதை முதலிலேயே சொல்பவருக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுப்பது என் வழக்கம்.

குறைகளும் உண்டு. ஒன்பது நாள் என்று சொன்னவர் பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டார். இடையில் இரண்டு முறை போனபோதும் பெட்டி மூடியின்றி, அதன் மேல் வேறொருவரின் மடிக்கணினி திறந்து கிடந்தது. முதல் முறை வீட்டுக்குக் கொண்டுவந்து அச்சக ஏற்பாட்டில் தமிழ் நிரலைத் திறந்ததும் திரையில் எழுத்துக்குப் பதில் பொடிப்பொடியாகக் கோடுகள் வந்தன, பிறகு கணினி உறைந்தது. பட்டறையில் சோதிக்கும்போது விளையாட்டுகளை மட்டுமே ஓட்டிப் பார்த்திருக்கிறார்; தமிழ் நிரல் ஏறியதா என்று மட்டும் பார்த்துவிட்டு அதில் ஒரு வரிகூட அடித்துப் பார்க்கவில்லை. இது கவனக்குறைவு, அதில் சந்தேகமில்லை. அப்பா அன்று மாலை முழுவதும் என்னோடு பேசவில்லை.

அந்தக் கோளாறின் காரணம் மட்டும் சுவையானது. வண்ணத்திரை கொண்ட கணினியில் பி000 முதல் பி7எஃப்எஃப் வரையுள்ள 32 கே.பி. பகுதி கருப்பு வெள்ளைத் திரைக்கு ஒதுக்கப்பட்டதாகையால் சும்மா கிடக்கும், அதையும் டி.எஸ்.ஆர்.களுக்குத் திறந்துவிடுவது அனுபவசாலிகள் எல்லோரும் செய்யும் வேலை. இவரும் செய்தார். ஆனால் அப்பாவின் நிரல் ஹெர்குலிஸ் வகைக் கருப்பு வெள்ளைத் திரை அட்டைகள் பரவலாக இருந்த காலத்தில் எழுதப்பட்டது. வண்ணத்திரை இருக்கும்போதும் அது பழைய பழக்கத்தில் பி000இல் எட்டிப் பார்த்து எதையோ எழுதுகிறது. அங்கே இப்போது ஸ்மார்ட்டிரைவ் குடியிருந்தது. சொந்த வீடு என்று நினைத்துத் திறந்த கதவுக்குள் வேறொருவர் படுத்திருந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. மறுநாள் எடுத்துப் போனபோது அவர் நிரலின் நடத்தையைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டார். அச்சக ஏற்பாட்டில் மட்டும் அந்தப் பகுதியை விலக்கி வைத்தார். 32 கே.பி. போனது, ஆனால் அங்கே பெரிய விளையாட்டு எதுவும் இல்லையாதலால் நஷ்டமில்லை. கூடுதல் பணமும் கேட்கவில்லை.

இரண்டாவது கோளாறு அல்டிமா ஏற்பாட்டில் நெகிழ்வட்டு சம்பந்தப்பட்டது. யூ.எம்.பி.பி.சி.ஐ. தரும் மேல்சந்துகளை டி.எம்.ஏ. என்னும் நேரடி நினைவக அணுகல் வழியாக எட்ட முடியாத பலகைகள் உண்டு, நெகிழ்வட்டோ டி.எம்.ஏ. வழியாகத்தான் தகவலை அனுப்புகிறது. மேலே ஏற்றப்பட்ட ஒன்று நெகிழ்வட்டிலிருந்து படிக்கப்போய், குப்பையைப் படித்தது. இதற்கான சிறு துணை நிரலை அவர் சேர்த்துத் தந்த பிறகு சரியாகிவிட்டது. இதை ஆவணத்தில் எழுதி வைத்திருக்கலாமே என்று கேட்டால் சிரிக்கிறார். எதையும் எழுதித் தராதது இந்தப் பட்டறையின் மிகப்பெரிய குறை என்று நான் கருதுகிறேன். நான்கு ஏற்பாடுகள், ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து வரிகள். ஏன் இந்த வரி இங்கே என்று தெரியாமல் நாளை வேறொருவர் கை வைத்தால் மொத்தமும் சரிந்துவிடும். நானே உட்கார்ந்து கோப்புகளைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். தொடங்கும்போது ஓட வேண்டிய கட்டளைகள் உள்ள பழைய ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பை அழிக்காமல் வேறு பெயரில் வைத்திருந்தார் என்பது ஆறுதல்.

வெற்றிடம் அதிகமானாலும் தகராறு வரும் என்பதை இந்தப் பட்டறையில்தான் முதன்முதலில் கண்டேன். தம்பி வைத்திருந்த ஒரு கார்ப் பந்தய விளையாட்டு, 613 கே.பி. காலியாக இருந்தும், கோப்பு கெட்டுவிட்டது என்று பொருள்படும் "பேக்ட் ஃபைல் இஸ் கரப்ட்" என்ற செய்தியோடு நின்றது. கோப்பு கெடவில்லை. டாஸ் மேலே போய்விட்டதால் நினைவகத்தின் முதல் 64 கே.பி.யே காலியாகி, விளையாட்டு அங்கே ஏறியது. நிரல்களைச் சுருக்கிக் கட்டும் அந்தக் காலத்துக் கருவி ஒன்றின் விரிக்கும் பகுதி, அவ்வளவு கீழே தான் ஏற்றப்படும் என்று எதிர்பார்க்கவே இல்லை. பழைய டாஸில் அந்த இடம் எப்போதும் நிறைந்தே இருந்ததால் குறை தெரியவில்லை. லோட்ஃபிக்ஸ் என்ற கட்டளை அந்த முதல் 64 கே.பி.யை வேண்டுமென்றே அடைத்துவிட்டு விளையாட்டை மேலே ஏற்றுகிறது. அதை முன்னால் சேர்த்ததும் கார் ஓடியது. எல்லா டி.எஸ்.ஆர்.களையும் துரத்திவிட்டால் எல்லாம் ஓடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த விளையாட்டைக் காட்ட வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வட்டுக்குப் பதிலாக 4 ஜி.பி. காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை வைத்து, டாஸ் 6.22 ஒரு பகுதிக்கு 2 ஜி.பி.க்கு மேல் ஏற்காததால் இரண்டாகப் பிரித்திருக்கிறார். சத்தமில்லை, வேகமும் நன்று. பயாஸுக்கான 2032 மின்கலம் மாற்றப்பட்டது. சவுண்ட் பிளாஸ்டர் 16 ஒலி அட்டைக்கு முகவரி 220, குறுக்கீடு 5, டி.எம்.ஏ. 1 என்று அமைத்தார். யாரோ குறுக்கீடு 7 என்று வைத்திருந்தார்கள், அது அச்சுப்பொறி முனையத்துக்கு வழக்கமாக உரியது. அப்பாவின் டி.வி.எஸ். ஊசி அச்சுப்பொறி இப்போது விளையாட்டின் இசையோடு சண்டை போடாமல் கரகரக்கிறது. விங் கமாண்டர் பென்டியத்தில் கண்மூடித்தனமான வேகத்தில் ஓடுவதைத் தடுக்க, பயாஸில் செயலியின் உள் இடைமாற்று நினைவகத்தை (கேஷ்) அணைத்துவிடும்படி சொன்னார். அணைத்தால் ஆட்டம் நிதானத்துக்கு வருகிறது, ஆனால் டூம் ஆடுவதற்கு முன் மீண்டும் போட மறக்கக்கூடாது. செயலி 133 மெகாஹெர்ட்ஸாக இருப்பது ஒரு விதத்தில் நல்லது. அதைவிட மிக வேகமான செயலிகளில், போர்லாண்டு பாஸ்கலில் எழுதப்பட்ட பல நிரல்கள் தொடக்கத்திலேயே 200ஆம் எண் பிழையோடு விழுந்துவிடும். வேகமான பெட்டி வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள்.

அப்பாவின் நெகிழ்வட்டுகள் அறுபது இருந்தன. அவற்றை முழுக்கச் சோதித்துத்தான் உள்ளே விட்டார். அழையாமல் வந்து தங்கும் டி.எஸ்.ஆர். ஒன்றும் அந்தக் காலத்தில் இந்தியாவில் பரவலாக இருந்தது: 1990இல் இங்கே கண்டறியப்பட்ட ஜோஷி நச்சுநிரல், வட்டின் தொடக்கப் பகுதியில் ஒளிந்து நினைவகத்தில் அமர்ந்து, ஜனவரி 5 அன்று "ஹேப்பி பர்த்டே ஜோஷி" என்று தட்டச்சு செய்யச் சொல்லிக் கணினியை நிறுத்தி வைக்கும். இந்த வகை நச்சுநிரல்கள் நினைவகத்தின் உச்சியில் இடம் பிடித்துவிட்டு மொத்த அளவையே குறைத்துக் காட்டும் என்பதால், மெம் கட்டளை 640 என்றோ, சுட்டி முதலியவற்றுக்காகப் பயாஸ் ஒரு கே.பி. எடுத்துக்கொண்டு 639 என்றோ காட்டினால் சரி, அதற்கும் கீழே போனால் சந்தேகப்படுங்கள் என்று சொல்லித் தந்தார். எங்கள் அறுபதில் மூன்று வட்டுகளை ஒதுக்கி வைத்தார்.

இன்றைய கணினியிலேயே டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: விளையாட்டு மட்டும் போதும் என்றால் இந்தப் பட்டறைக்குப் போகவே வேண்டாம். டாஸ்பாக்ஸ் சுட்டியையும் குறுந்தகட்டையும் ஈ.எம்.எஸ்.ஸையும் தனக்குள்ளேயே வைத்திருப்பதால் அவற்றுக்கென்று டி.எஸ்.ஆர். எதையும் ஏற்ற வேண்டியதில்லை, 640 கே.பி. நெருக்கடியே அங்கு அரிது. நானும் மடிக்கணினியில் அதைத்தான் பயன்படுத்துகிறேன். அப்பாவின் நிரலோ அச்சுப்பொறி முனையத்தில் செருகிய பூட்டு ஒன்றைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறது, வழக்கமான டாஸ்பாக்ஸில் அந்த முனையம் இல்லை. இப்படிப் பூட்டு, ஊசி அச்சுப்பொறி, பழைய வருடி அட்டை போன்ற ஏதோ ஒன்றில் கால் மாட்டிக்கொண்டவர்களுக்கு உண்மையான பெட்டியைத் தவிர வேறு வழியில்லை.

கூலி 4,200 ரூபாய். பாகங்களுக்கு 1,150 ரூபாய் தனியாக. ரசீது கேட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். செய்த வேலைக்கு இது குறைவு என்றே நினைக்கிறேன். பத்து நாள் தாமதத்தையும் முதல் முறை சோதிக்காமல் அனுப்பியதையும் கழித்துக்கொண்ட பிறகும் இந்த எண்ணம் மாறவில்லை. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். எழுத்தில் குறிப்புகள் தந்திருந்தால் முழு மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும்.

போகிறவர்கள் சிக்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். அந்தத் தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, கையில் பெட்டியோடு போனால் ஆட்டோ நல்லது. கனமான பழைய கணினித் திரையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அவரிடம் ஒன்று இருக்கிறது. பெட்டியோடு சேர்த்து அந்த இரண்டு பட்டியல்களையும், விளையாட்டுகளின் மூல வட்டுகளையும், முக்கியமாக டி.எஸ்.ஆர். நிரலில் உண்மையாகவே வேலை செய்து பார்க்கக்கூடிய ஒரு கோப்பையும் கொண்டுபோங்கள். அவர் முன்னாலேயே அதைத் திறந்து நான்கு வரி அடித்து, அச்செடுத்து, பிறகு விளையாட்டைத் தொடங்கி முடித்து, மறுபடியும் அதே கோப்பைத் திறந்து பார்த்த பின்புதான் பணத்தைக் கொடுங்கள். நான் அதைச் செய்யாததால்தான் இரண்டு முறை ஆட்டோவுக்குக் கொடுத்தேன்.